செண்ட் பர்சண்ட் ஸ்கூலில் முத்துமாரியின் மகள்

முத்துமாரிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு ஊற்றிக்கொண்டது. மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். கணக்கை மட்டும் இன்னொரு தடவை எழுதிப் பார் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற அந்த ஊரில் தேறாத பெண்ணுக்கு வேறு வழியும் அதிகம் கிடையாது. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் காலையில் வந்து ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ். முத்துமாரி பஸ்ஸில் ஏறினாள். கல்யாணம் பின்னால் நடந்தது, லோடு ஆட்டோ ஓட்டும் அன்பரசனோடு. மகள் சங்கவி பிறந்தாள். பஸ்ஸை மட்டும் அவள் விடவில்லை.

ஷூ கம்பெனியில் அவளுக்கு அப்பர் லைன். காலின் மேல் படிகிற தோல் பாகம் முழுவதும் அப்பர். அதைத் தைப்பது அவள் வேலை. வரிசையாக மெஷின்கள். ஒருத்தி ஒரு தையல் போட்டுத் தள்ளினால் அடுத்தவள் வாங்கி அடுத்த தையலைப் போட வேண்டும். முத்துமாரிக்குக் கை வேகம். மெஷின் அவள் காலுக்குப் பயப்படும் என்று பக்கத்து மெஷின் தபஸ்ஸும் கேலி பண்ணுவாள். அந்தக் கேலியில் முத்துமாரிக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த லைனில் எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. யாருக்காவது உடம்பு முடியவில்லை, மனசு சரியில்லை, அவள் முன்னால் வேலை குவிந்துவிட்டது என்றால், கை வேகமுள்ளவள் சத்தம் போடாமல் அந்தக் குவியலில் கொஞ்சத்தை இழுத்துத் தன் மெஷினில் தைத்து, திரும்ப அவள் பக்கமே தள்ளிவிடுவாள். சூப்பர்வைசருக்கு டார்கெட் வந்துவிடும், யாரும் திட்டு வாங்க மாட்டார்கள். இதற்கு 'தூக்கிக் குடுக்கறது' என்று பெயர். சங்கவி வயிற்றில் இருந்தபோது முத்துமாரிக்குப் பிரசவம் வரைக்கும் தூக்கிக் கொடுத்தது தபஸ்ஸும்தான். அதனால் முத்துமாரிக்கு அது வெறும் வேலைத் தந்திரமாகத் தெரியவில்லை. ஒருத்திக்கு இன்னொருத்தி செய்கிற நல்ல காரியம் என்றால் அவள் அகராதியில் அதுதான். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அது எந்தச் சுவருக்குள் செல்லும், எந்தச் சுவருக்குள் செல்லாது என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சங்கவி கணக்கில் அம்மாவைப் போல இல்லை. ஊர் உயர்நிலைப் பள்ளியில், அரசாங்கப் பள்ளிதான், பில்கிஸ் டீச்சரிடம் படித்தாள். ஒரு நாள் முத்துமாரி சாப்பிட்டுக்கொண்டே, தோலில் வெட்டுப்பாகங்களை எப்படி அடுக்கினாலும் துண்டு துண்டாக வீணாகிறது என்று கட்டிங் செக்‌ஷன் கதையைச் சொன்னாள். மகள் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பழைய பேப்பரைக் கத்தரித்துத் தரையில் பரப்பினாள். ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாக, அதற்கு அடுத்ததைக் கொஞ்சம் சாய்த்து. "இப்டி வெச்சா கம்மியாதாம்மா வேஸ்ட் ஆவும்" என்றாள். கட்டிங் ஆட்கள் வருஷக்கணக்கில் வேலை பார்த்துப் பிடித்த அடுக்கு அது. முத்துமாரி சோற்றுக் கையோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியிலும் அப்படித்தான். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் உட்கார மாட்டேன் என்று நின்றாள். பில்கிஸ் டீச்சர் மழுப்பவில்லை. "இப்ப சரியா சொல்ல வரல. நாளைக்கு யோசிச்சுட்டு வந்து சொல்றேன், நீயும் யோசி" என்றார். மறுநாள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு வந்தார்கள். வகுப்பே வேடிக்கை பார்த்தது. அந்தப் பள்ளியில் மேற்கூரை ஒழுகும், லேபில் பாதிச் சாமான் கிடையாது, முடிவு வருகிற மாதம் நாலைந்து பேர் தோற்றும் போவார்கள். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டீச்சர் ஒருவர் இருந்தார். அதன் விலை முத்துமாரிக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

அவளுக்குத் தெரிந்தது கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நாட்றம்பள்ளி போகிற பக்கம் மெட்ரிக் பள்ளி ஒன்று. அதன் பெயரைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது, சுற்று வட்டாரத்தில் அதற்கு 'செண்ட் பர்சண்ட் ஸ்கூல்' என்றுதான் பெயர். வருஷா வருஷம் பத்தாவதில் ஒருத்தர்கூடத் தோற்பதில்லை என்று பேனர் வைப்பார்கள். தோற்ற ஒருத்திக்கு அந்தப் பேனர் கோயில் கோபுரம் மாதிரி. ஒன்பதாவதில் சங்கவியை அங்கே சேர்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள். அன்பரசன், "அவதான் இங்கயே நல்லா படிக்கிறாளே" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

டி.சி. வாங்கப் போனபோது பில்கிஸ் டீச்சர் விடவில்லை. முத்துமாரியை உட்கார வைத்து, "இங்கயே இருக்கட்டுமே முத்துமாரி. இவளுக்கு மார்க் எங்க இருந்தாலும் வரும். மார்க்கு ஸ்கூல் குடுக்கறதில்ல. ஆனா புள்ளையக் கெடுக்க ஸ்கூலால முடியும்" என்றார்.

"அங்க யாருமே ஃபெயில் ஆவறதில்ல டீச்சர்."

"அதான் எனக்குப் பயம். யாருமே ஃபெயில் ஆவாத இடத்துல ஃபெயில் ஆவற பசங்களை இன்னா பண்றாங்க, கேட்டீங்களா?"

தன் பள்ளியில் நல்லாப் படிக்கிற பிள்ளை போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் டீச்சர் பேசுகிறார் என்று முத்துமாரி நினைத்தாள். கையெழுத்துப் போட்டு டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒன்பதாவதில் சேர்ந்த முதல் வாரமே சங்கவி கையில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஒன்பதாவது பாடம் நடத்துவதில்லை. இரண்டு வருஷமும் பத்தாவதேதான். "ஒன்பதாவதுல இருக்கறது தெரியாம இது எப்டிம்மா புரியும்?" என்று சங்கவி கேட்டாள். முத்துமாரிக்கு இது புதிதாகவே படவில்லை. கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் நெருங்கினால் மற்ற வேலையைத் தூக்கி ஓரம் போட்டுவிட்டு அதையே ராத்திரி பகலாகத் தைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று சமாதானம் சொன்னாள்.

அரையாண்டு முடிந்ததும் சில பிள்ளைகள் வேனில் வருவது நின்றது. மகளை விட்டுவர ஒரு நாள் போனவள், பள்ளி கேட் ஓரத்தில் ஒரு தாய் டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். இவன் தேறமாட்டான், தனியாக எழுதிக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிட்டார்களாம். பில்கிஸ் டீச்சர் கேட்ட கேள்விக்கு விடை கண்ணெதிரே நின்று அழுதுகொண்டிருந்தது. முத்துமாரிக்குப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான். கம்பெனியிலும் ரிஜெக்ஷன் என்று தனியாகக் கழிக்கிறார்கள், அப்போதுதானே பெட்டிக்குள் போவதெல்லாம் நன்றாக இருக்கும். அந்தப் பள்ளியில் எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. கம்பெனி ஞாபகம் வந்ததால் அவளுக்குத் தைரியம் வந்தது. அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. பிள்ளையைச் செருப்பு மாதிரி செய்கிறார்கள் என்று தெரிந்தும், தனக்குத் தெரிந்த வேலைதானே என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

பத்தாவது தொடங்கிய கொஞ்ச நாளில் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் வருகிறார், வருகிறார் என்றே ஆடி போய் ஆயுத பூஜையும் போய்விட்டது. யாரும் வரவில்லை. தலைமை ஆசிரியர் கோதண்டராமன் ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கவியைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்தார். கைடில் இருக்கிற கணக்கை அவள் போர்டில் போட வேண்டும், மற்றவர்கள் பார்த்து எழுத வேண்டும், திரும்பத் திரும்ப எழுத வேண்டும். புரிகிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

"என் பொண்ணு கிளாஸே எடுக்கறா" என்று முத்துமாரி லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டாள். தபஸ்ஸும் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள்: "அவ எடுத்தா, அவளுக்கு யாரு எடுக்கறது?"

முத்துமாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டில் ஏதோ மாறியிருப்பது அவளுக்கும் தெரிந்தது. சங்கவி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் தோசை ஊற்றும்போது வந்து நின்றுகொண்டு, வட்டம் ஏன் வட்டமாகவே வருகிறது என்று உயிரை வாங்குகிறவள், இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கேட்டால், "டயர்டா இருக்கும்மா" என்றாள். எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவள் அரையாண்டில் முதன்முதலாகக் குறைந்தாள். ஒரு கணக்கை அவள் தன் வழியில் போட்டிருந்தாள், விடையும் சரி. கைடில் இருக்கிற மாதிரி இல்லை என்று மொத்தமாக அடித்துவிட்டார்கள். அடித்தவர் கணக்கு படித்தவரே இல்லை, டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் மிஸ். முத்துமாரி விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவோம் என்று நினைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோதண்டராமன் அவளைப் பள்ளிக்கு வரச் சொன்னார். மெதுவாகப் பேசுகிற மனிதர். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. முத்துமாரியை நாற்காலியில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். தலைமை ஆசிரியர் அறையில் தனக்கும் நாற்காலி என்பதே அவளுக்குத் தலைகால் புரியாத விஷயமாக இருந்தது.

"சங்கவி நம்ம ஸ்கூல் சொத்தும்மா" என்று ஆரம்பித்தார். "பப்ளிக் பரீட்சைக்கு நம்ம ஸ்கூல்தான் சென்டர், அவளால ஒரு சின்ன ஒத்தாசை வேணும். சில பசங்க கணக்குல கொஞ்சம் கம்மியா இருக்காங்க. ஒரு மார்க் கேள்விங்க மட்டும் கிடைச்சுட்டா கரையேறிடுவாங்க. சங்கவி அதை முதல்லயே முடிச்சுட்டு, தண்ணி குடிக்கிற பேப்பர் கப்புல சின்னதா எழுதி வெச்சுட்டா போதும். தண்ணி குடுக்கற அம்மா எடுத்துப்பாங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

முத்துமாரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "மாட்டிக்கினா சார்?"

"இத்தனை வருஷத்துல யாராவது மாட்டினதா கேள்விப்பட்டிருக்கீங்களா? பாவம், அந்தப் பசங்களும் உங்களை மாதிரி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பசங்கதான். ஒருத்தருக்கு ஒருத்தர் செய்யறது இல்லியா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்தாள். இது தனக்குத் தெரிந்த விஷயம். இதற்குப் பெயரே இருக்கிறது. கணக்கில் தோற்றுப் போய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணின் முகம் அவள் கண்முன் வந்தது. அன்றைக்குத் தனக்கு ஒருத்தி தூக்கிக் கொடுத்திருந்தால் என்று யோசித்தாள்.

கோதண்டராமன் வெளியே பார்த்து, "மிஸ், கொஞ்சம் வாங்க" என்று கம்ப்யூட்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ் வந்து கதவருகே நின்றார். "சொல்லுங்கம்மா, உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?"

"இல்ல சார். எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கட்டும்" என்றாள் முத்துமாரி. இரண்டு பேர் முன்னால் தன் சம்மதத்தைக் கேட்கிறார்களே, எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

சங்கவியிடம் பள்ளியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அம்மா வந்ததும் வராததுமாக அவள் கேட்டாள்: "நீ முடியாதுன்னுதானே சொன்ன?"

"நான் ஏன் சொல்லப் போறேன்? நம்மளால ஒருத்தர் கரையேறினா நல்லதுதானே. நாங்க லைன்ல பண்றதில்லையா?"

"லைன்ல நீ தச்ச ஷூ மேல உன் பேரு இருக்காதும்மா. இதுல என் நம்பர் இருக்கும். என் கையெழுத்து இருக்கும்."

பதில் வராத இடத்தில் பெற்றவர்கள் செய்கிற காரியத்தையே முத்துமாரியும் செய்தாள், குரலை உயர்த்தினாள். "உனக்கு இன்னா கம்மியாய்டப் போவுது? உன் மார்க்கு உனக்கு வந்துடும். எல்லாரும் பாஸாவட்டும். பெரிய சார் கேக்கறாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்வியா?"

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"பரீட்சைன்னா பயமாத்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்தாள்.

கணக்குப் பரீட்சை அன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. முத்துமாரி மகள் நெற்றியில் விபூதி வைத்து அனுப்பிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. அன்றைக்கு என்னவோ நூல் அறுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் வராத தடுமாற்றம் அந்தத் தையலில் வந்தது. தபஸ்ஸும் எட்டிப் பார்த்து, "இன்னா முத்து, இன்னிக்கு நூலு அறுந்துக்கினே இருக்குது?" என்று கேட்டுவிட்டு, சொல்லாமலே அவள் குவியலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் செக்யூரிட்டி ஆள் லைனுக்கே வந்து அவள் பேரைச் சொன்னான். லைனுக்குள் ஆள் வந்து கூப்பிட்டால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். முத்துமாரி செருப்பை மாட்டாமல் ஓடினாள்.

கேட்டில் அன்பரசன் நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை. "பறக்கும் படை வந்துட்டாங்களாம். பாப்பாவை வெளிய உக்கார வெச்சுட்டாங்க."

நடந்தது இவ்வளவுதான். சங்கவி சொன்னபடி செய்துவிட்டாள். தண்ணீர் கொடுக்கும் சவுரியம்மாள் கப்பை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். எதிரே சோதனைக்கு வந்த அதிகாரி அம்மாள். வெயிலில் ஜீப்பில் வந்தவருக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. அவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல், "எனக்கும் ஒரு கப் தண்ணி குடும்மா" என்று கேட்டார். சவுரியம்மாளுக்குக் கை உதறிவிட்டது. தட்டிலிருந்த கப்புகள் கீழே உருண்டன. அதில் ஒன்றைக் குனிந்து எடுத்தவர் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு ஹாலாகப் போய்க் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார். சங்கவியின் கையெழுத்து அழகான கையெழுத்து, கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை.

அன்றிலிருந்து கோதண்டராமனின் போன் எடுக்கப்படவில்லை. பள்ளிக்குப் போனால் வாட்ச்மேன், "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றான். மீதிப் பரீட்சைகளை எழுத சங்கவியை விடவில்லை. வைகாசியில் முடிவு வந்தது. நம்பரைப் போட்டுப் பார்த்தால் மார்க் இருக்க வேண்டிய இடத்தில், முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. பள்ளி அந்த வருஷமும் செண்ட் பர்சண்ட்தான். நிறுத்தி வைத்ததைத் தோல்வியில் சேர்க்க வேண்டியதில்லை என்று யாரோ அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கப்பில் எழுதிய விடை போய்ச் சேராமலே மற்றவர்கள் எப்படித் தேறினார்கள் என்று முத்துமாரி யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு கப்பை மட்டும் நம்பி அந்த மனிதர் பேனர் அடிக்கக் கொடுத்திருக்க மாட்டார் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வேறு ஹால்களில் வேறு கப்புகள் இருந்திருக்க வேண்டும். தன் மகள் இல்லாமலே அவர்களுக்கு வேலை நடந்திருக்கும். அதை நினைத்தபோது அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது, அழுதாள்.

விசாரணைக்குத் திருப்பத்தூர் வரச் சொன்னார்கள். ஓர் அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர், எதிர் நாற்காலியில் கோதண்டராமன், அவருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மிஸ். கோதண்டராமன் முத்துமாரியைப் பார்த்துத் துக்க வீட்டில் தலையசைப்பது போலத் தலையசைத்தார்.

அதிகாரி சங்கவியிடம் நிதானமாகவே கேட்டார். "உன்னை யாரும்மா இதைச் செய்யச் சொன்னது?"

சங்கவி நிமிரவில்லை. "யாரும் சொல்லல சார். நானாத்தான் எழுதினேன்."

"பயப்படாம சொல்லு."

"யாரும் சொல்லல சார்."

முத்துமாரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "அவ பொய் சொல்றா சார். செய்யுன்னு சொன்னது நான். என்னை சொல்லச் சொன்னது இவரு. ரூமுக்குக் கூப்ட்டு டீ வாங்கிக் குடுத்து சொன்னாரு."

கோதண்டராமன் பெருமூச்சு விட்டார். "பாருங்க சார். பெத்தவங்களே தூண்டிவிட்டா நாங்க என்ன செய்ய முடியும்? இந்தம்மா அன்னிக்கே எங்கிட்ட வந்து, எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கட்டும்னு சொன்னாங்க. நான் கண்டிச்சு அனுப்பினேன். மிஸ் அங்கதான் இருந்தாங்க."

மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார், அந்தம்மா அப்டி சொன்னாங்க" என்றார். சொன்னது பொய்யும் இல்லை. அன்றைக்கு எதற்காக மிஸ்ஸைக் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் முத்துமாரிக்கு விளங்கியது.

அதிகாரி கெட்டவர் இல்லை. எல்லாம் முடிந்து, இந்த வருஷத் தேர்வு ரத்து ஆகும், எத்தனை தடவை எழுதத் தடை என்பது சென்னையிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டு, முத்துமாரியைத் தனியாக நிறுத்தினார். "பேப்பரை வாங்கினப்பவே பாதிக்கு மேல எழுதியிருந்தாம்மா. நான் உக்காந்து பாத்தேன். ஒரு தப்பு இல்ல." ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

வெளியே புங்கமர நிழலில் சங்கவி நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "இன்னாத்துக்கும்மா சொன்ன?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "பரீட்சைக்கு மொத நாளே பெரிய சார் கூப்ட்டு சொன்னாரு. மாட்டினா உங்கம்மா பேருதான் வரும், கம்பெனில வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க, போலீஸ் வரும்னு. அதான் நானே பண்ணேன்னு சொன்னேன். என்னோட போயிருக்கும். இப்ப உன்னையும் சேத்துட்டாரு."

முத்துமாரி மகளைத் தொடப் போனாள். சங்கவி விலகவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

விஷயம் தெரிந்து பில்கிஸ் டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தடை எவ்ளோ நாள் இருந்தாலும் இருக்கட்டும். முடிஞ்சதும் தனியா எழுதலாம். நான் சொல்லித் தர்றேன். இவளுக்குச் சொல்லித் தர்றது எனக்கொண்ணும் பேஜார் இல்ல" என்றார். முத்துமாரிக்கு உயிர் வந்தது. டீ போட அடுப்படிக்கு ஓடினாள்.

டீச்சர் ஒரு தாளில் கணக்கு ஒன்றை எழுதி சங்கவி முன் வைத்தார். புத்தகத்தில் இல்லாத கணக்கு, அவளுக்காகவே யோசித்துக் கொண்டுவந்தது. சங்கவி அதைப் பார்த்தாள். புருவம் மெல்லச் சுருங்கியது. முத்துமாரி அடுப்படியிலிருந்து அதைக் கண்டாள், ரொம்ப நாளாகக் காணாத சுருக்கம் அது. பென்சில் நகர்ந்தது, நின்றது, மறுபடி வேகமாக நகர்ந்தது. முடித்துவிட்டாள். டீச்சர் கையை நீட்டினார். சங்கவி தாளைக் கொடுக்கவில்லை. உள்ளங்கையால் விடையை மூடிக்கொண்டாள்.

"இதை யாருக்குக் குடுக்கணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பில்கிஸ் டீச்சர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். முத்துமாரி இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே நின்றாள்.